ராமென் ஜிரோ: ஒரே போர்டு, கடைக்குக் கடை வேறு ருசி, எப்படி?

தஞ்சாவூரான்:
வேலை விஷயமாக டோக்கியோவில் இருக்கிறேன். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தோடு ‘ராமென் ஜிரோ’ கடைகள் (ராமென் என்றால் சூப்பில் வரும் ஜப்பானிய நூடுல்ஸ்) கண்ணில் படுகின்றன, எங்கே பார்த்தாலும் வாசலில் வரிசை. ஆபீஸ் நண்பர் கபுகிச்சோ கடையும் மிட்டா கடையும் ஒரே மாதிரி இருக்காது என்கிறார். சங்கிலிக் கடை என்றால் ருசி ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்புறம் உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று ஏதேதோ விதிகள் சொல்லிப் பயமுறுத்துகிறார்.

நூடுல்ஸ்பித்தன்:
பெயர்தான் ஒன்று, மற்றபடி இது சங்கிலிக் கடையே இல்லை. யமாடா தகுமி என்பவர் 1968-இல் மெகுரோ பகுதியில் தொடங்கினார், சில வருஷத்தில் மிட்டாவுக்கு, கெய்யோ பல்கலைக்கழகத்தின் அருகே மாறினார். மாணவர் கூட்டத்துக்கு வேண்டியது குறைந்த காசில் வயிறு முட்டச் சாப்பாடு, ஜிரோவில் ஒரு கிண்ணம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். 1990களில் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது கடையைப் பல்கலைக்கழக கேன்டீனுக்கே கொண்டுவரச் சொல்லி மாணவர்கள் கையெழுத்து திரட்டினார்கள். அது நடக்கவில்லை, பக்கத்திலேயே வேறு இடம் கிடைத்தது. மற்ற கடைகளைப் போட்டவர்கள் அவரிடமோ அவர் சீடர்களிடமோ வேலை பழகி, அனுமதி வாங்கி, அதே பெயரில் தொடங்கியவர்கள். நோரென்வகே என்று ஜப்பானில் ரொம்பக் காலமாக இருக்கும் வழக்கம் இது. சூப்பை அவரவர் கொதிக்கவைக்கிறார்கள், நூடுல்ஸையும் பெரும்பாலும் கடையிலேயே போடுகிறார்கள், அப்புறம் எப்படி ருசி ஒன்றாக இருக்கும்?

கோவை மீனா:
நடைமுறையை நான் சொல்கிறேன். முதலில் மெஷினில் டிக்கெட் எடுங்கள், சிறியதே போதும், அதிலேயே சுமார் 300 கிராம் நூடுல்ஸ் இருக்கும், வேறு கடையில் இரண்டு பேர் சாப்பிடும் அளவு. உட்கார்ந்ததும் எதுவும் கேட்காதீர்கள். நூடுல்ஸ் வெந்து கிண்ணத்துக்கு வந்ததும் சமைப்பவர் உங்களைப் பார்த்து “நின்னிகு இரெமாஸ்கா?” என்பார், அதாவது பூண்டு போடவா. அந்த ஒரு நொடிதான் உங்கள் முறை: பூண்டு, காய், பன்றியின் முதுகுக் கொழுப்பு, சோயா சாறு, எது கூடுதலாக வேண்டுமோ சொல்லலாம், காசு கிடையாது. காய் என்பது வேகவைத்த முளைப்பயறும் முட்டைக்கோஸும், கூடுதல் கேட்டால் கோபுரமாக வரும், அதைத் தாண்டித்தான் நூடுல்ஸைப் பார்க்கவே முடியும். முடித்ததும் கிண்ணத்தைக் கவுன்ட்டரின் மேல்தட்டில் வைத்து, துணியால் உங்கள் இடத்தைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

ராஜா_ஒசாகா:
ரசிகர்கள் கொஞ்சம் ஓவர்தான். நாலைந்து பேருக்குச் சேர்த்து வேகவைப்பதால் ஒருவர் கதை பேசிக்கொண்டு சாப்பிட்டால் அடுத்த சுற்று தள்ளிப்போகும், அது நியாயமான கவலை. அதற்காக மெதுவாகச் சாப்பிடுபவரைக் குற்றவாளி மாதிரி பார்ப்பதும், “ஜிரோ ராமென் இல்லை, ஜிரோ என்ற தனிச் சாப்பாடு” என்று வசனம் பேசுவதும் தாங்க முடியவில்லை. எனக்கு உப்பும் அதிகம்.

தஞ்சாவூரான்:
நன்றி எல்லோருக்கும். வீட்டம்மா பன்றி சாப்பிட மாட்டார், இறைச்சித் துண்டை மட்டும் வேண்டாம் என்றால் போதுமா?

கோவை மீனா:
போதாது அண்ணா, சூப்பே பன்றி எலும்பில்தான் கொதிக்கிறது. அண்ணியை வேறு எங்காவது கூட்டிப் போங்கள், ஜிரோவுக்கு நீங்கள் மட்டும் போய் வாங்க. ஞாயிற்றுக்கிழமை நிறைய கடைகள் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.