அப்பாவின் கம்ப்யூட்டரில் கிடைத்தது

அப்பா போன பிறகு அவருடைய கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. 2004இல் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி வைத்திருந்தாள் அம்மா. "ஏதோ எழுதிட்டே இருப்பாரே, அதை எடுத்துக் குடுடா" என்று போன பொங்கலுக்குக் கேட்டாள்.

ஆன் செய்தேன். தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான், அதில் பயமில்லை. அப்புறம் நீலத்திரை வந்து, டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன் என்று பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. உள்ளேயிருந்து டக்... டக்... என்று பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம். உடனே பிளக்கைப் பிடுங்கினேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்தச் சோதனை ஓடினால், சரிசெய்கிறேன் பேர்வழி என்று அதிலேயே எழுதத் தொடங்கிவிடும். இருக்கிறதும் போய்விடும்.

பக்கத்துக் கடையில், "பார்மட் அடிச்சா ஓடும் சார்" என்றார்கள். ஓடும்தான், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு! பிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்றார் ஒரு நண்பர். வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரம் கட்டினால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி, பழைய டிஸ்க்குகளின் ஐடிஇ கேபிளை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கி லேப்டாப்பில் மாட்டினேன். டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய அளவு டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் தனி பவர் பிளக்கோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். பென் டிரைவில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டேன். பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதுவோமே, அதே கதைதான்: சுலபமாகப் படிக்க வருவதை முதலில் நகலெடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை முடிந்தது என்று குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் மதியம் பார்த்தால் சில எம்பி தவிர எல்லாம் வந்திருந்தது.

வேர்டில் அப்பாவின் கோப்பைத் திறந்தேன். ஒரு வரி தமிழ் இல்லை. சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள், ஒவ்வொரு சொல்லிலும் ஒன்றிரண்டு அரைப்புள்ளிகள். எல்லாம் கெட்டுப்போச்சு என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. அப்பா தட்டியது பாமினி என்ற பழைய தமிழ்த் தட்டச்சு முறை. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அதற்கான ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் சாவி! அவர் வைத்திருந்ததோ ஏதோ டிடிபி கடையில் வாங்கிய ஃபான்ட், நான் தேடியவரை இணையத்தில் இல்லை. மை டாக்குமென்ட்ஸை மட்டும் நகலெடுத்திருந்தால் அந்த ஃபான்ட் கிடைத்திருக்காது. முழு டிஸ்க்கையும் எடுத்ததால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் அதுவும் இருந்தது. போட்டதும் பக்கம் முழுக்கத் தமிழ். பிறகு, தனி ஃபான்ட் இல்லாமலே எங்கும் தமிழாகத் தெரியட்டும் என்று, என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றினேன்.

எழுதிக்கொண்டே இருந்தது கதையோ கவிதையோ இல்லை, பழைய டைரிக் கணக்கு. "1987 வைகாசி. மோட்டார் வாங்க சின்ன மச்சானுக்கு 1,500 கொடுத்தது" என்று வாசித்தேன்.

"என் தம்பி அதைத் திருப்பிக் கொடுத்தானே, கீழே தள்ளு, எழுதியிருப்பார்" என்றாள் அம்மா. ஆடி வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டோம், இன்னும் வரவில்லை.