புதுப்பிப்பு: வங்கி கவுண்டரிலிருந்து நர்சிங்குக்கு

விலங்கியல் பட்டத்தை வைத்து, வங்கி வேலையை விட்டுவிட்டு, பிரிட்டனில் இரண்டாண்டு முதுகலை நர்சிங் படிக்க விண்ணப்பிக்கலாமா என்று போன ஆண்டு கேட்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மட்டும் பாக்கி.

“மதுரையிலேயே படித்தால் என்ன?” என்றவர்களுக்கு: இங்கே பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பட்டதாரி என்று சலுகை கிடையாது. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டிய 4,600 மணி நேரப் படிப்பு, பயிற்சியில் பாதி வரை முன்படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுக்க விதி இருக்கிறது.

நேர்காணலில் கைகொடுத்தது, திருமங்கலம் பக்கத்து முதியோர் இல்லத்தில் ஞாயிறுதோறும் செய்த வேலைதான். மதிப்பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை. படுக்கையாகக் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, படுக்கைப் புண் வருகிறதா என்று எங்கே பார்ப்பீர்கள் என்றார்கள். குதிகால், வால் எலும்புப் பக்கம் என்றேன். நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, கையை வைத்துச் சூட்டையும் தடிப்பையும் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் ஒரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. “கவுண்டரில் உட்கார்ந்தவள் பெட்பேன் எடுக்கப் போகிறாயா?” என்கிறார். எடுக்கத்தான் போகிறேன்.

கல்விக் கடனுக்குச் சமீபத்தில் அலைந்தவர்கள் யாராவது இருந்தால், பிணையாக என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.