ஒரே ஒரு போதனையைச் சொல் என்றால்

யாழினி: பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் தத்துவ வகுப்பில், பௌத்தத்தின் தலையாய போதனை எது என்பதைப் பற்றி ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒன்றுக்கு மேல் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பேராசிரியர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். நான் நான்கு வாய்மைகளை எடுத்துக்கொண்டேன், ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் எடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: பாதிப் பேர் எடுத்தார்கள் என்பதற்காக அது தவறாகிவிடாது, யாழினி. கோசாம்பியில் சிம்சபா மரத்தோப்பில் தங்கியிருந்தபோது புத்தர் ஒரு கைப்பிடி இலையை எடுத்துக் காட்டி, கையிலுள்ள இலை அதிகமா, தோப்பிலுள்ள இலை அதிகமா என்று பிக்குகளைக் கேட்டார். தாம் அறிந்தது தோப்பளவு, சொன்னது கைப்பிடியளவு என்றும், அந்தக் கைப்பிடி துன்பம், அதன் தோற்றம், அதன் முடிவு, முடிவுக்கு இட்டுச் செல்லும் வழி ஆகிய நான்கு வாய்மைகள்தான் என்றும் அவரே விளக்கியதாக, புத்தர் உரைகளின் பழைய பாலித் தொகுப்பான சம்யுத்த நிகாயம் கூறுகிறது. தேர்ந்தெடுக்கும் வேலையை அவரே முடித்து வைத்துவிட்டார்.

கவின்: அதே நிகாயத்தில் இன்னொரு தேர்வும் இருக்கிறதே, அப்பா. இம்மை நலம், மறுமை நலம் இரண்டையும் ஒருசேரத் தரவல்ல ஒன்று உண்டா என்று கோசல மன்னர் பசேநதி கேட்டபோது, புத்தர் நான்கு வாய்மைகளைச் சொல்லவில்லை. அப்பமாதம், அதாவது சோர்வில்லாத விழிப்பு, என்று விடையளித்தார். நிலத்தில் நடக்கும் உயிர்களின் அடிச்சுவடுகள் எல்லாம் யானையின் சுவட்டுக்குள் அடங்குவதுபோல நல்லவை எல்லாம் இதற்குள் அடங்கும் என்பது அங்கே வரும் உவமை. இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்துக்குப் போனால், புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் அதே யானைச் சுவட்டை நான்கு வாய்மைகளுக்குச் சொல்லுகிறார். யானை ஒன்று, உரிமை கொண்டாடுபவர் இருவர்!

அத்தை: கேட்டவர் யார் என்பதைப் பார், கவின். பசேநதி அரண்மனையில் வாழ்ந்தவர். அவரிடம் இதே விழிப்பைப் பற்றிப் பேசும் இன்னோர் இடத்தில், அந்தப்புரமும் கருவூலமும்கூட இதனால் காக்கப்படும் என்று புத்தர் சொல்லுகிறார். துறவிகளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆளுக்கேற்றபடி விடை மாறுகிறது என்பதுதான் என் எண்ணம்.

யாழினி: அப்படிச் சொல்லிவிட்டு இறங்கினால், கேள்விக்குப் பயந்து ஒதுங்கிவிட்டேன் என்பார்கள், அத்தை.

பெரியப்பா: சொல்லவும் கூடாது. சுருக்கமாக ஒன்றை மட்டும் சொல்ல வேண்டிய நிலை ஒரு பிக்குவுக்கு உண்மையிலேயே வந்திருக்கிறது. அவர் எதைச் சொன்னார் என்று பார்ப்போம். முதல் ஐந்து சீடர்களில் ஒருவரான அஸ்ஸஜி ராஜகிருகத்தில் பிச்சைக்குச் சென்றபோது, அவருடைய அமைதியான நடையைக் கண்டு, அப்போது சஞ்சயர் என்ற ஆசிரியரிடம் இருந்த சாரிபுத்தர் பின்தொடர்ந்து சென்று, உம் ஆசிரியர் என்ன போதிக்கிறார் என்று கேட்டார். நான் புதியவன், விரிவாகச் சொல்ல இயலாது, சாரத்தை மட்டும் சொல்கிறேன் என்றார் அஸ்ஸஜி. காரணத்திலிருந்து தோன்றுபவை எவையோ, அவற்றின் காரணத்தையும் அவற்றின் முடிவையும் ததாகதர், அதாவது புத்தர், சொன்னார் என்பதே அவர் சொன்ன செய்யுளின் பொருள். அதைக் கேட்ட மாத்திரத்தில் சாரிபுத்தருக்கு அறக்கண் திறந்தது. பிற்காலத்தில் இந்தச் செய்யுளைத்தான் சிறு களிமண் முத்திரைகளில் பதித்து, நாளந்தா முதல் பர்மா, தாய்லாந்து, ஜாவா வரை வைத்து வழிபட்டார்கள்.

கவின்: அப்படியானால் நீங்கள் நான்கு வாய்மைகளைக் கைவிட்டுவிட்டீர்களா, அப்பா?

பெரியப்பா: கைவிடவில்லை. இரண்டாம் வாய்மை காரணத்தைச் சொல்லுகிறது, மூன்றாம் வாய்மை காரணம் நீங்கினால் விளைவும் நீங்கும் என்கிறது. இது இருந்தால் அது இருக்கும், இது இல்லையேல் அது இல்லை என்ற சார்புத் தோற்றத்தை எடுத்துவிட்டால், நான்கும் வெறும் பட்டியலாகிவிடும். இது எனக்குத் தெளிவாகவே தோன்றுகிறது என்று புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் ஒருமுறை சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, இதை உணராததால்தான் மக்கள் சிக்குண்ட நூலைப்போல் பிறவிச் சுழலில் கிடக்கிறார்கள் என்று புத்தர் தடுத்தார்.

கவின்: பௌத்தத்தின் பிற்காலப் பிரிவான மகாயானத்தையும் சேர்த்தால் உங்கள் கட்சி இன்னும் வலுக்கும். அதன் நூலான இதயச் சூத்திரம் துன்பம் இல்லை, தோற்றம் இல்லை, முடிவு இல்லை, வழி இல்லை என்று நான்கு வாய்மைகளையே மறுத்துப் பேசுகிறது. ஆனால் அந்த மரபின் தத்துவ ஆசிரியர் நாகார்ஜுனர், சார்ந்து தோன்றுவது எதுவோ அதையே சூனியம், அதாவது தனித்து நிற்கும் இயல்பு இல்லாதது, என்கிறோம் என்று எழுதினார். தேரவாதம், மகாயானம் என்ற இரு பெரும் மரபுகளும் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான்.

அத்தை: நீங்கள் இருவரும் பேசுவது படித்தவர்களுக்குச் சரி, அண்ணா. ஆளவி என்ற ஊரில் காணாமற்போன எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு வந்து சேர்ந்தபோது, புத்தர் உபதேசத்தைத் தொடங்காமல், முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார் என்று தம்மபத உரை கூறுகிறது. பசியே பெரும்பிணி என்ற வாக்கு அங்கேதான் வருகிறது. நம் மணிமேகலையிலும், கடைசிக் காதையான முப்பதாம் காதையில்தான் பௌத்த ஆசான் அறவணர் பன்னிரு சார்புகளை, அதாவது சார்புத் தோற்றத்தின் பன்னிரண்டு கண்ணிகளை, முறையாக விரித்துரைக்கிறார். காஞ்சியில் மழையின்றி வாடியவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறிட்டது அதற்கு முன்பு. இந்த வரிசை தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

பெரியப்பா: அதை மறுக்க மாட்டேன். ஆனால் சோறு போடச் சொன்னதும் அந்தக் காரண விதியால்தானே? பசி இருக்கும் வரை கேட்கும் மனம் இராது. பசியை நீக்கினார், மனம் திறந்தது.

அத்தை: என் வாதத்தையே எடுத்து உங்கள் கட்சியில் சேர்த்துவிட்டீர்கள்.

யாழினி: எனக்கு இப்போது பிடி கிடைத்துவிட்டது. சார்புத் தோற்றத்தையே எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு சார்புகளையும் ஒப்பிக்க வேண்டுமா, பெரியப்பா?

பெரியப்பா: வேண்டாம், பாதியிலேயே நேரம் தீர்ந்துவிடும். ஊறு எனும் புலன் தொடர்பு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற நான்கு கண்ணிகள் போதும். குழுவில் நீ ஒரு செய்தி போடுகிறாய், எல்லோரும் படித்துவிட்டதாக நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை. குறியைக் கண்டது ஊறு, உள்ளே சுருக்கென்றது நுகர்வு. உடனே பதில் வர வேண்டும் என்ற தவிப்பு வேட்கை, என்னை யாரும் மதிப்பதில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பற்று. நுகர்வு தானாக வரும். அது வேட்கையாக மாறும் அந்த ஓரிடத்தில்தான் நமக்குக் கைவைக்க வாய்ப்பு இருக்கிறது. பேச்சின் பெரும்பகுதியை அங்கே செலவிடு.

யாழினி: அப்படியே செய்கிறேன். ஆளவி உழவனைத் தொடக்கத்தில் வைக்கிறேன், அடுத்து அஸ்ஸஜி, பிறகு நீலக் குறி. நாகார்ஜுனருக்கு இடமில்லை, கவின் அண்ணா மன்னிக்க வேண்டும்.

கவின்: யானையையாவது விட்டுவைப்பாயா?

யாழினி: கேள்வி நேரத்தில் யாராவது நான்கு வாய்மைகளை எடுத்துக்கொண்டு எழுந்தால், அப்போது யானையை அவிழ்த்துவிடுகிறேன்.