புதுப்பிப்பு: மழை வரைபில் மாதங்கள் வரிசைக்கு வந்துவிட்டன

போன கிழமை கேட்டிருந்தேன்: திருகோணமலையின் தினசரி மழைத் தரவை மாதவாரியாகக் கூட்டி, ஆர் என்ற நிரல்மொழியில் ஜிஜிபிளாட்2 (ggplot2) என்ற வரைபுப் பொதி கொண்டு வரைந்தால் மாதங்கள் ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என்று தாறுமாறாக வருகின்றன, என்ன செய்வது? இப்போது சரி. பதில் போட்டவர்களுக்கு நன்றி.

மாதப் பெயர்கள் வெறும் எழுத்தாக இருந்தால் வரைபு அவற்றை ஆங்கில அகரவரிசையில்தான் அடுக்கும். அந்த நெடுவரிசையை ஃபேக்டராக்கி (factor, வகைகளுக்கு ஒழுங்கு வைத்திருக்கும் தரவு வகை), அதன் லெவல்ஸில் (levels, வகைகளின் பட்டியல்) நமக்கு வேண்டிய ஒழுங்கைக் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் ஜனவரியில் தொடங்கினால் எங்கள் ஊருக்குப் படம் பொருந்தவில்லை. வடகீழ்ப் பருவமழை ஆண்டு முடிவைத் தாண்டி நீள்வதால், ஒரே மாரி வரைபின் இரண்டு ஓரத்திலும் பிய்ந்து நிற்கிறது. ஒருவர் சொன்னபடி ஒக்டோபரிலிருந்து தொடங்கினேன். பெரும்போகம் (மாரிகால நெற்செய்கை) செய்யும் மாமாவுக்கே பார்த்தவுடன் விளங்கியது. ஆண்டுத் தொகை எடுக்கும்போதும் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பரை அடுத்த ஆண்டோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த என்ஏ (NA, பதிவு இல்லாத இடத்தில் ஆர் வைக்கும் குறி) விவகாரம். ஒரு நாள் பதிவு இல்லாவிட்டாலும், கூட்டித் தரும் சம் (sum) கட்டளை கொடுக்கும் விடை என்ஏதான். என்ஏக்களை விட்டுவிட்டுக் கூட்ட என்ஏ.ஆர்எம் = ட்ரூ (na.rm = TRUE) போடச் சொன்னார்கள். போடலாம், ஆனால் நவம்பரில் பத்து நாள் பதிவு விடுபட்டிருந்தால் அந்தப் பத்து நாளும் மழையே பெய்யாத மாதிரி ஆகிவிடும். அதை நான் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட மாதங்களை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

அடுத்த வேலை, வரைபைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ஃபேசட்_ராப் (facet_wrap) போட்டு ஆண்டுக்கு ஒரு கட்டம்.