கலைச்சொல் தேவை: 'வால்பேப்பர்' (பயிற்சித்தாள் நாளை மாலை அச்சுக்கு)

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமையன்று 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு உபுண்டு இயங்குதளத்தில் ஒரு செய்முறை வகுப்பு வைத்திருக்கிறேன். கோப்புறையில் உள்ள படங்களுள் ஒன்றை 'ஷஃப்' கட்டளையால் குலுக்கி எடுத்து, 'ஜிசெட்டிங்ஸ்' கட்டளையால் அதைத் திரையில் அமைத்து, குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே இயக்கும் 'கிரான்' வழியாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஐந்தாறு வரிகள்தாம் பாடம். 'ஸ்கிரிப்ட்' என்பதற்குச் 'சிறுநிரல்' என்று எழுதிவிட்டேன். 'வால்பேப்பர்' வந்ததும் கை நின்றுவிட்டது. முதற்படியில் 'சுவர்த்தாள்' என்று இருந்ததைப் படித்த மாணவி ஒருத்தி, "சுவரில் ஒட்டுகிற போஸ்டரா சார்?" என்று கேட்டாள். நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

* * *

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அந்த மாணவி கேட்டது சரியே. திரையில் சுவரும் இல்லை, தாளும் இல்லை. நம் அரங்க மரபிலேயே சொல் இருக்கும்போது பிறமொழிச் சொல்லைப் பிரித்துப் பெயர்ப்பானேன்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகளை மூவகையாகச் சொல்கிறது. அரைமணிக்கு ஒருமுறை மாறும் உங்கள் திரையை 'மாறெழினி' எனலாம். வினைத்தொகையாதலால் மாறிய எழினி, மாறுகின்ற எழினி, மாறும் எழினி என முக்காலமும் அதில் அடங்கும். 'பின்னணிப் படம்' என்று யாரேனும் சொல்வதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: 'படம்' வடசொல், எனக்கு உடன்பாடில்லை.

* * *

ஐயாவின் புலமையை வணங்கியே மறுக்கிறேன்.

எழினி காட்சிக்கு முன்னே தொங்கி மறைப்பது. நாம் பெயர் தேடும் பொருளோ, சாளரங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கத் தானே மறைந்துபோவது. 'படம்' பற்றியும் ஒரு சொல். பேகன் மயிலுக்குப் போர்த்திய துணியைப் புறநானூற்றின் 141ஆம் பாடல் 'படாஅ மஞ்ஞைக்கு ஈத்த' என்கிறது. அந்தப் படாத்துக்கும் துணியில் தீட்டிய படத்துக்கும் உறவுண்டு என்றே கருதுகிறேன். எம்மொழியில் பிறந்ததானாலும் இத்தனை நூற்றாண்டு நம்மிடம் புழங்கிய சொல்லை இன்று வெளியேற்றுவது முறையா?

என் கவலை வேறு. வெறும் 'பின்னணி' என்றால், கிரான் இயக்கும் நிரலும் பின்னணியில்தானே ஓடுகிறது? "பின்னணியில் ஓடும் சிறுநிரல் பின்னணியை மாற்றும்" என்று எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். 'திரைப்படம்' என்பதைச் சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே படத்துக்குத் 'திரைப்பின்னணி' என்றும், நிரல் ஓடுமிடத்துக்குப் 'பின்புலம்' என்றும் பிரித்துக்கொள்ளலாம். உபுண்டுவின் திரைத்தோற்றத்தைத் தரும் குனோம் மென்பொருளில் 42ஆம் பதிப்பு முதல் கருநிறத் தோற்றத்துக்கெனத் தனி அமைப்பு இருப்பதால், 'கருந்தோற்றத் திரைப்பின்னணி' என்று அடை சேர்க்கவும் இது இடங்கொடுக்கும்.

* * *

சொல் எதுவானாலும் சரி, வகுப்புக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டளைகளைத் தட்டெழுதும் முனையத்தில் கையால் இயக்கும்போது ஓடும் இதே நிரல், கிரான் இயக்கும்போது படத்தை மாற்றாமல் இருந்துவிடக்கூடும். நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் தடம் டி-பஸ்; பயனர் உள்நுழைந்திருக்கும் அமர்வின் டி-பஸ் முகவரியைக் கிரான் அறியாது. அந்த முகவரியைச் சிறுநிரலின் முதல் வரியிலேயே 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் அறிவித்துவிடுங்கள். 'அமர்வு' என்ற சொல்லையும் பயிற்சித்தாளில் விளக்கிவிட்டால் நல்லது. என் வாக்கு 'திரைப்பின்னணி'க்கு.

* * *

மூவருக்கும் நன்றி. டி-பஸ் வரியைச் சேர்த்தபின் என் கணினியில் இரண்டுமுறை படம் மாறியதைப் பார்த்துவிட்டேன். அச்சுக்கு நேரமாகிவிட்டதால் 'திரைப்பின்னணி', 'பின்புலம்' என்றே தாளை முடித்து அனுப்புகிறேன்.

* * *

அச்சு நிற்க வேண்டாம், ஐயா. ஆயினும் என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். 'திரைப்பின்னணி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த சொல்லாகப் 'பாடகர்' தானே வந்து நிற்கும். அடுத்த பதிப்புக்குமுன் 'மாறெழினி'யை மறுபடி எடுத்துப் பேசுவோம்.