முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் கோயாசான் ஒகுனோயின் கல்லறை: வழி சொல்லுங்கள்

நவம்பர் தொடக்கத்தில் அப்பா அம்மாவுடன் ஒசாகாவிலிருந்து, ஜப்பானின் கோயாசான் என்ற மலைக் கோயில் ஊரில் உள்ள ஒகுனோயின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். இருவருக்கும் எழுபதுக்கு மேல். ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் நான்காய் (Nankai) நிறுவனத்தின் ரயிலில் ஏறி கோகுராகுபாஷி ஸ்டேஷன், அங்கிருந்து கேபிள் கார், பிறகு பேருந்து. மேலே ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் நடக்க அனுமதி இல்லை. பேருந்தை விட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இச்சினோஹாஷி பாலத்திலிருந்து போகும் பழைய பாதை 2 கி.மீ. தேவதாரு மரங்களுக்கிடையே பாசி படிந்த கல்லறைகள். அழகு அங்கேதான், ஆனால் ஈரம் பட்டால் கல் வழுக்கும். அதனால் ஒகுனோயின்மாயே பேருந்து நிறுத்தத்தில் இறங்கிக் குறுக்குவழியில் போகலாம் என்று நினைக்கிறோம். கறையான்களுக்காக வைத்த நினைவுக்கல்லும் அந்தப் பக்கம்தான். பழைய போர்த்தலைவர் ஒடா நொபுனாகாவின் கல்லறையைப் பார்க்கவும் அது வசதி. கோபோ தைஷி என்ற துறவியின் சமாதிக்கு முன் உள்ள கோபியோபாஷி பாலத்தைத் தாண்டினால் தொப்பியைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டோம்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: சமாதிக்கு முன் உள்ள விளக்கு மண்டபத்துக்கு ஏறும் படிகளில் கைப்பிடி உண்டா? குறுக்குவழியில் உட்கார இடம் இருக்கிறதா? தரையில் படுக்க முடியாதவர்களுக்குக் கட்டில் தரும் கோயில் விடுதி எது? ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா?