ஞாயிற்றுக்கிழமை வாங்கும் காய் வியாழன் வரைகூடத் தாங்குவதில்லை, எங்கே தப்பு?

மீனா (மதுரை) கேட்டது:

வீட்டில் நாலு பேர். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், தினமும் காய் வாங்க நேரம் கிடையாது. ஞாயிறு காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் வாரம் முழுவதுக்கும் வாங்கிவிடுவது வழக்கம். 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே இங்கேதான் என்பதில் எங்கள் ஏரியாக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. விலைப்பலகையைப் பார்த்ததும் கை நீண்டுவிடும், பை நிரம்பிவிடும். பிரச்சினை அதற்கு அப்புறம்தான்.

வந்ததும் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, கவரில் போட்டு முடிந்து ஃப்ரிட்ஜில் அடுக்குகிறேன். செவ்வாய்க்கிழமை அரைக்கீரைக் கட்டைப் பிரித்தால் நடுவில் கொழகொழவென்று இருக்கிறது. கத்தரிக்காய்த் தோல் குழி விழுந்து, நறுக்கினால் விதையெல்லாம் பழுப்பு. வாழைப்பழம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கருக்கிறது, வெளியே வைத்தால் குட்டி ஈ மொய்க்கிறது. சின்ன வெங்காயம் கூடையின் அடியில் கருப்புப் பொடி பூத்து நாறுகிறது. பக்கத்தில் இருக்கும் உருளைக்கிழங்கு முளைத்துவிடுகிறது.

"நாங்கள் ஃப்ரிட்ஜ் இல்லாமலேதான் குடும்பம் நடத்தினோம்" என்கிறார் மாமியார். அவர் காலத்தில் கூடைக்காரம்மா தினமும் வாசலுக்கே வந்தாரே, அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். பெரியதாக வாங்குங்கள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அதை என் வீட்டுக்காரரே தினமும் சொல்கிறார்.

செல்வி (திருச்சி):

கழுவி வைப்பதை முதலில் நிறுத்துங்கள். கீரையைப் பழுத்த இலை, அழுகின இலை நீக்கிவிட்டு நியூஸ் பேப்பரில் சுற்றி வையுங்கள். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே ஒரு கவரை லேசாகக் கவிழ்த்தால் ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட்டு, டப்பாவின் அடியில் துணி விரித்துப் போட வேண்டும். கறிவேப்பிலையும் அப்படியே, ஆனால் துளி ஈரம் இருந்தாலும் கருத்துவிடும். எனக்கு இவ்வளவுதான் தெரியும், கத்தரிக்காய் எனக்கும் குழி விழத்தான் செய்கிறது.

பழைய கடைக்காரன் (திருமங்கலம்):

மீனா தங்கச்சி, நான் திருமங்கலத்தில் பல வருடம் காய்கறிக் கடை வைத்திருந்தவன். இருட்டோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய் லோடு ஏற்றி வந்து, விடியும்போது கடை விரிக்க வேண்டும். கடையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. நிழல், ஈரச் சாக்கு, காற்று, இவற்றை வைத்துத்தான் சரக்கைக் காப்பாற்றினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது, தண்ணீர் விடுகிறது. கழுவின கீரையைக் கவரில் போட்டு முடிந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே கட்டின நடுப்பகுதிதான் முதலில் போகும், நீங்கள் பார்த்தது அதுதான். கடையில் கீரை மேல் தண்ணீர் தெளிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டிய சரக்கு, நாலு பக்கமும் காற்று படும் இடத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கட்டின நாரை அவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உதறிப்போட்டு, மேல் ஈரம் போனதும் வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். பழைய வேட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. செல்வி சொன்ன நியூஸ் பேப்பர் மட்டும் வேண்டாம்மா. அச்சு மை ஈரத்தில் ஊறி உணவில் ஏறும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் சுற்றக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் இன்னொன்று கவனியுங்கள். ஃப்ரீசருக்கு அடியில் இருக்கும் தட்டிலும், பின்சுவரை ஒட்டியும் குளிர் அதிகம். கீரை அங்கே பட்டால் உறைந்து, வெளியே எடுத்ததும் கருத்துத் தொங்கிவிடும். அடியில் இருக்கும் காய்கறி டப்பாதான் கீரைக்கு இடம்.

இனி கத்தரிக்காய். இது அழுகல் இல்லை, குளிர் தாக்கியது. கத்தரி, வெண்டை, வெள்ளரி எல்லாம் வெயிலில் வளர்ந்த ஜாதி. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோல் குழி விழும், உள்ளே பழுப்பு நிறமாகிவிடும். உங்கள் ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும். இவற்றை வாங்கின இரண்டு, மூன்று நாளில் சமைத்துவிடுங்கள், அதுவரை சமையலறையில் வெயில் படாத மூலையில் ஒரு கூடையில் கிடக்கட்டும். மதுரைச் சித்திரை வெயிலில் அதுவும் வாடும் என்றால், துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கத்தில் வைக்கலாம், அங்கே குளிர் குறைவு.

வாழைப்பழத்துக்கும் இதே வியாதிதான், 13 டிகிரிக்குக் கீழே தோல் கருக்கும். நன்றாகப் பழுத்த பிறகு வைத்தால் தோல்தான் கருக்கும், சதை சாப்பிடலாம். காயாக வைத்தால் அப்புறம் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. சீப்பாக ஒரே பதத்தில் வாங்காமல், பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரன் முகம் சுளிப்பான், கண்டுகொள்ளாதீர்கள். சிறுமலைப் பழம் கிடைத்தால் வாங்குங்கள், தோல் சுருங்கிப் போனாலும் உள்ளே நன்றாகத்தான் இருக்கும். ஈ மொய்ப்பதற்குக் காரணம் பழம் மட்டும் இல்லை. பக்கத்தில் காய்த்தோல் கிடக்கும் குப்பை டப்பாவையும் பாருங்கள்.

தக்காளி ஃப்ரிட்ஜில் மணத்தை இழந்துவிடும். செங்காயாக வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையாகத் தட்டில் பரப்புங்கள். காம்பு இருந்த இடம் வழியாகத்தான் ஈரம் போகும், பூஞ்சை நுழையும். முழுக்கப் பழுத்து இனி தாங்காது என்று தோன்றினால் மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள், வாழை, தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும். மாங்காயை மூடின அரிசிப் பானைக்குள் வைத்தால் சீக்கிரம் பழுப்பதும் இதனால்தான். ஆனால் கீரையும் கொத்தமல்லியும் அந்த வாயு பட்டால் மஞ்சளாகிவிடும், வெள்ளரியும் அப்படித்தான். ஆப்பிளோடு ஒரே டப்பாவில் கிடந்த கேரட் கசக்கும். பழத்தையும் கீரையையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் வாங்கினதும் இலையைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் இலை கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், கிழங்கு ரப்பராகிவிடும்.

இத்தனைக்கும் மேலே, சமைக்கிற வரிசைதான் முக்கியம். ஞாயிறு, திங்கள் கீரை. செவ்வாய்க்குள் கத்தரியும் வெண்டையும். புதனுக்குப் பீர்க்கு, புடலை. வியாழன், வெள்ளிக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். சனிக்குச் சேனை, சேம்பு, பூசணி. வெட்டாத பரங்கியும் பூசணியும் தரையில் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். மாமியார் சொல்வது இங்கே மட்டும் சரி. அந்தக் காலத்து வீட்டில் உறியிலும் பரணிலும் கிடந்தது இதுதான்.

மீனா (மதுரை):

அண்ணாச்சி, இவ்வளவு பொறுமையாக எழுதினதற்கு ரொம்ப நன்றி. காய் வரிசையை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு "சனிக்கிழமை சேனையா?" என்கிறார். வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் சாம்பாரும் ரசமும் சின்ன வெங்காயம் இல்லாமல் நடக்காது. எலுமிச்சையும் ஒரு வாரத்தில் கல்லாகிவிடுகிறது. அப்புறம், பானைக்குள் பானை வைத்து மணல் போட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி செய்கிறார்களே, அது நிஜமாகவே வேலை செய்யுமா?

வேளச்சேரிக்காரன் (சென்னை):

பானைக்கு நான் பதில் சொல்கிறேன். தத்துவம் மண்பானைத் தண்ணீருக்கு உள்ளதே. இரண்டு மண்பானைக்கு நடுவே ஈர மணல். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், உள்ளே குளிரும். டெல்லியில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் இதையே செங்கல்லில் கட்டிக் காட்டியது. இரட்டைச் சுவர், நடுவே சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர். கரண்டே வேண்டாம். குஜராத்தில் வாங்கானேர் என்ற ஊரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் களிமண்ணில் ஃப்ரிட்ஜே செய்து விற்கிறார்.

ஆனால் காற்று வறண்டிருக்க வேண்டும். எங்கள் சென்னையில் கடல் ஈரத்துக்குத் தண்ணீர் ஆவியாகவே யோசிக்கும், நான் மொட்டை மாடியில் வைத்ததில் பூஞ்சைதான் மிச்சம். உங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் நன்றாக வேலை செய்யலாம். ஐப்பசி அடைமழையில் வேண்டாம். ஐந்து டிகிரியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், கத்தரி, வெண்டை, தக்காளிக்கு அவ்வளவு குளிர் தேவையும் இல்லை.

பழைய கடைக்காரன் (திருமங்கலம்):

தம்பி சொன்னது சரி. சொல்லப்போனால் கத்தரிக்காய்க்கு ஃப்ரிட்ஜைவிட அந்தப் பானைதான் ஏற்ற இடம். நிழலில், காற்று ஓடும் இடத்தில் வையுங்கள், மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள், மணல் காயவே கூடாது.

வெங்காயத்துக்கு வருகிறேன். பெரம்பலூர்ப் பக்கம் போனால் காட்டிலேயே பட்டறை போட்டு வைத்திருப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, பக்கவாட்டில் காற்று புகும்படி கட்டி, மேலே கூரை வேய்ந்து, உள்ளே இலைத்தாளோடு காய்ந்த சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைப்பார்கள். விலை வரும்வரை மாதக்கணக்கில் கிடக்கும். அவர்கள் செய்வது இவ்வளவுதான், அடியிலும் காற்று, மேலே மழை படாது. உங்கள் கூடையில் அடியில் காற்றே இல்லை, அதனால்தான் அடி வெங்காயத்தில் பொடி பூக்கிறது. வலைப் பையில் போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் சல்லடை மாதிரி ஓட்டை உள்ள தட்டில் ஒரு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வாரம் ஒருமுறை கையால் புரட்டி, மெத்தென்று அமுங்குவதை எடுத்து அன்றைக்கே உரித்துக் குழம்பில் போட்டுவிட வேண்டும். ஒன்று கெட்டால் பக்கத்திலிருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது கழுத்து. மேல் நுனி காய்ந்து, கை வைத்தால் தோல் சலசலக்க வேண்டும். கழுத்து ஈரமாகத் தடித்திருந்தால் அது புதுசாகப் பிடுங்கினது, வாரம் தாங்காது, கால் கிலோ போதும்.

உருளையை வெங்காயத்தோடு சேர்க்கவே கூடாது. உருளை விடுகிற ஈரத்தில் வெங்காயம் அழுகும். உருளைக்கு இருட்டு வேண்டும், சாக்குப் பையில் போட்டுச் சமையல் மேடைக்கு அடியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், அந்தப் பச்சையில் சோலனின் என்ற விஷப் பொருள் இருக்கும். கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாக வெட்டிப் போட்டுவிடலாம், நிறைய என்றால் முழுசாகவே குப்பைக்கு. ஃப்ரிட்ஜில் வைத்த உருளை இனித்துவிடும், பொரித்தால் சட்டென்று கருக்கும்.

எலுமிச்சை கல்லாவது தோல் காய்வதால். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முழுப் பழங்களைப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் சில வாரம் சாறு குறையாமல் இருக்கும். அதற்கும் மேல் மிஞ்சினால் நாலாக வகுந்து உப்புப் போட்டு வெயிலில் வைத்துவிடுங்கள், அதை உங்கள் மாமியார் பார்த்துக்கொள்வார்.